பாகில் பிறக்கும் ஒளி

சர்க்கரைப் பொங்கலுக்கு நாம் கரைக்கும் வெல்லத்துக்குள் ஒளிரும் துகள்கள் இருக்கின்றன. 2012-இல் குவாஹாத்தி ஐஐடி ஆய்வாளர்கள் வெல்லம், பிரெட், சர்க்கரைப் பாகு, கார்ன்ஃபிளேக்ஸ், பிஸ்கட் ஆகியவற்றைக் கரைத்து, வடித்து, பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலுமே கார்பன் நானோ துகள்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் குறுக்களவு 4 முதல் 30 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இவற்றில் பல ஆயிரத்தை வரிசையாக நிறுத்திவிடலாம். ஒளியைப் பாய்ச்சினால் இவை வேறு நிறத்தில் ஒளியைத் திருப்பித் தருகின்றன. வெல்லத்துத் துகள் ஆயிரம் ஒளித்துகளை (ஃபோட்டான்களை) வாங்கிக்கொண்டு ஐந்தாறைத்தான் திருப்பித் தரும். ஆனாலும் தருகிறது.

இது எப்படி நேர்கிறது என்று கொப்பரைக்கு அருகே நின்று பார்க்க வேண்டும். கரும்புச் சாறு தளதளவென்று கொதிக்கிறது. மேலே திரளும் அழுக்கை வழித்து எடுத்தபடியே இருக்கிறார்கள். நீர் வற்ற வற்ற நுரை அடங்கி, பாகு கனத்து, நிறம் மஞ்சளிலிருந்து செம்மைக்குப் போகிறது. கைதேர்ந்தவர் ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார். அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத வேலையும் நடக்கிறது. சூட்டில் சர்க்கரை மூலக்கூறுகள் தம்மிடமிருந்த நீரை இழந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கார்பன் மிகுந்த நுண் உருண்டைகளாகத் திரள்கின்றன. 2004-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்தபோது, எதிர்பாராமல் பிரிந்து வந்த ஒளிரும் துகள்களைப் பார்த்துத்தான் அறிவியல் உலகம் இவற்றை முதன்முதலில் அறிந்தது. நம் வீட்டு அடுப்புகளோ எத்தனையோ நூற்றாண்டுகளாக இவற்றைச் செய்துகொண்டே இருந்திருக்கின்றன.

இந்த நுண் துகள்கள் என் மனதைச் சென்னைக்கு அருகே ஓர் ஊருக்கு அழைத்துப் போகின்றன. பூவிருந்தவல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் வரும் தண்டலத்தில் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரம் பக்கம் கைப்பேசி, டிவி என்று இரவு பகலாக உற்பத்தி நடக்கிறது. இவற்றுக்கு நடுவே ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் ராமானுஜர் அவதரித்த மண். உயிர்களும் சடப்பொருளும் இறைவனுக்கு உடல் என்றார் அவர். உயிரற்றது, அறிவற்றது என்று நாம் ஒதுக்கும் பொருளும் அவன் மேனிதான். வெல்லத்துத் துகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தத்துவம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இவ்வளவு சிறிய இடத்திலும் ஓர் ஒழுங்கு வைக்கப்பட்டிருக்கிறதே!

அந்த ஒழுங்கை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒரு பிடி முளைக்கீரையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். வெளிச்சத்தில் அது பச்சைச் சாறு. இருட்டறையில் வைத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் அதே சாறு ரத்தச் சிவப்பாகிறது. இலைக்குள் இருந்தவரை பச்சையம் வாங்கிய ஒளியின் பெரும்பகுதி உணவு சமைக்கப் போய்க்கொண்டிருந்தது. சாறாக்கிய பின் அந்த வேலை இல்லை. உள்ளே வந்த ஒளி எலக்ட்ரானை மேலே தூக்குகிறது. ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகக் கழிகிறது. மிச்சத்தோடு எலக்ட்ரான் கீழே இறங்கும்போது, வந்ததைவிட ஆற்றல் குறைந்த சிவப்பு ஒளியாக அந்த மிச்சம் வெளியேறுகிறது. சில நானோ நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

துகளின் அளவைப் பொறுத்தே நிறம் மாறும் பொருள்களும் உண்டு. கேட்மியம் செலினைடு துகளை 2 நானோமீட்டரில் செய்தால் நீலம், 6 நானோமீட்டரில் செய்தால் சிவப்பு. பொருள் அதேதான். குட்டையான தந்தி உயர்ந்த சுரம் தருவதைப் போல, இடம் நெருங்க நெருங்க எலக்ட்ரானின் ஆற்றல் உயர்கிறது. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இவற்றுக்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. டிவி கடைகளில் க்யூஎல்இடி என்று எழுதியிருக்கும் திரைகளின் நிறத்துக்கும் இவையே காரணம். 1998-இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இவற்றை உயிர்ச் செல்களுக்குள் அடையாளமாகப் பயன்படுத்திக் காட்டின. சாதாரண ஒளிரும் சாயம் நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் சீக்கிரமே மங்கிவிடும். இவை நெடுநேரம் தாங்குகின்றன. ஆனால் கேட்மியம் நஞ்சு. நோயாளியின் உடலுக்குள் அதைச் செலுத்த யாருக்கும் துணிவு வராது.

இங்கேதான் சமையலறைப் பொருள்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தன. ரூர்கேலா என்ஐடி ஆய்வாளர்கள் 2012-இல் ஆரஞ்சுச் சாற்றை மூடிய கலத்தில் 120 டிகிரியில் சூடாக்கினார்கள். கிடைத்த ஒளிரும் கார்பன் துகள்கள், அதாவது கார்பன் புள்ளிகள், நூறு ஒளித்துகளுக்கு இருபத்தாறைத் திருப்பித் தந்தன. மனித செல்களுக்குள் செலுத்தியபோது செல்கள் ஒளிர்ந்தன. வெல்லத்துத் துகள் திருப்பித் தருவதைவிட இந்த இருபத்தாறு ஏறத்தாழ ஐம்பது மடங்கு அதிகம்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கைகூப்ப வைப்பது தங்கம். நகையில் இருக்கும் தங்கத்தில் எந்த விளக்கை அடித்தாலும் பளபளக்குமே தவிர, இப்படி ஒளிராது. 2009-இல் சிங்கப்பூரில் ஜாக்கி யிங்கின் குழு, மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதக் கரைசலில் தங்க உப்பைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தது. அது நம் உடம்புச் சூடு. சில மணி நேரத்தில் புரதமே தங்க அயனிகளைப் பிடித்து, 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்தாக்கித் தன் மடிப்புக்குள் பொதிந்துகொண்டது. புற ஊதா ஒளியில் அந்தக் கரைசல் சிவப்பாக ஒளிர்ந்தது. ஒரு கட்டித் தங்கத்துக்கு இல்லாத குணம் 25 அணுக்களுக்கு இருக்கிறது. அதை வெளிக்கொணர உலை வேண்டியிருக்கவில்லை, உடம்புச் சூட்டிலேயே ஒரு புரதம் அதைச் செய்துவிட்டது. பாதரசம் ஒரு சிறிது கலந்தாலும் அந்தச் சிவப்பு அணைந்துவிடுவதால், நீரில் பாதரசத்தைக் கண்டுபிடிக்கவும் இது உதவுகிறது. சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு புரதத்துக்குள் பொதிந்த உலோகக் கொத்துகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

அணைவதே செய்தியாவது கார்பன் புள்ளிகளிலும் உண்டு. தண்டலத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிலும் குரோமேட் ரசாயனத் தொழிலும் விட்டுச்சென்ற கழிவால் அங்கே நிலத்தடி நீரில் குரோமியம் இறங்கியிருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்க வல்லது. நீருக்கு மஞ்சள் நிறம் தரும் அதே குணத்தால் அது புற ஊதா ஒளியையும் உறிஞ்சிவிடுகிறது. கார்பன் புள்ளிகள் கலந்த சோதனைக் குழாயில் அந்த நீரை விட்டால், புள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியைக் குரோமியம் வழியிலேயே வாங்கிக்கொள்ளும். புள்ளிகளின் நீல ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு நஞ்சு. பிறகு வைட்டமின் சி சேர்த்தால் குரோமியம் தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறுகிறது, நீலம் திரும்ப வருகிறது.

நீரில் இரும்பு இருந்தாலும் இந்த ஒளி மங்கும் என்பது ஒரு சிக்கல். இரும்பை மட்டும் மறைத்து, குரோமியத்தைத் தனியே காட்டும் புள்ளிகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு வேண்டிய விளக்கும் கண்ணாடிக் குழாயும் விலை உயர்ந்தவை அல்ல. இந்தச் சாலையோரக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ராணிப்பேட்டைக் கிணற்று நீரை எடுத்துவந்து, கரும்புச் சாற்றிலிருந்து தாங்களே செய்த புள்ளிகளைக் கொண்டு சோதிக்கலாம்.