எட்டுத் தடத்தில் இரண்டு கரகரத்தால்

பொங்கல் விழா, கந்த சஷ்டி, பட்டிமன்றம் என்று நம் தீவுகளில் தமிழர் கூடிச் செய்கிற எல்லாவற்றையும் கணிப்பொறியில் பதிவு செய்து வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. பாடுகிறவருக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு இரண்டு, கூடத்துக்கு ஒன்று என எட்டு மைக் வரை தனித்தனித் தடமாகப் பிடிக்கிற சவுண்டு கார்டுகள் கிடைக்கின்றன. மறுநாள் உட்கார்ந்து போட்டுக் கேட்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஆறு தடம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டில் மட்டும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். "கார்டு போச்சு சார், புதுசு வாங்கிடலாம்" என்று பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பு எழுதிவிடுவார். சில ஆண்டுகளாக நம் சங்கத்தின் ஒலிப்பதிவைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு வேறு எங்கோ இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை தடம் கெட்டிருக்கிறது, எந்தெந்தத் தடம் என்பது. மைக்கில் வரும் ஓசையை எண்களாக மாற்றும் சில்லு, பல கார்டுகளில் இரண்டிரண்டு தடத்துக்கு ஒன்றாக இருக்கும். ஆகவே ஒரே ஒரு தடம் மட்டும் கெட்டால் மைக், கேபிள், ஜாக் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். 3-ம் 4-ம் ஜோடியாகக் கெட்டால் அந்தச் சில்லையோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியையோ பார்க்க வேண்டும். எட்டும் சேர்ந்து கெட்டால் மின்சாரம், கணிப்பொறி அல்லது நான் பின்னால் சொல்லப்போகிற கிளாக். இந்த ஒரு கணக்கே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது மாற்றிப் பார்ப்பது. 3-ல் இருக்கும் கேபிளை மைக்கோடு அப்படியே கழற்றி 5-ல் செருகுங்கள். கரகரப்பும் கூடவே 5-க்குப் போனால் குற்றவாளி கேபிளோ மைக்கோதான். அது 3-லேயே நின்றுவிட்டால் ஜாக் அல்லது கார்டு. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலே ஒரு எதிரி உண்டு: உப்புக் காற்று. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும் நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். பெயர் எதுவானாலும் காற்று அதே காற்று. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்கிறது. ஜாக்கின் உள்பக்கம் பச்சை பிடிக்கிறது. கார்டு கணிப்பொறிக்குள் செருகும் தங்க நிறப் பற்களில் மங்கல் படர்கிறது. கணிப்பொறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேயுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத் திரும்பச் செருகுங்கள். இதிலேயே குணமான கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கேபிள்களைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

மின்சாரமும் லேசுப்பட்டதல்ல. நம் தீவுகளுக்குப் பெரும்பங்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது. அழுத்தம் ஏறி இறங்குகிற நேரத்தில் பதிவில் 'டப்' என்று ஒரு அடி விழும். யு.பி.எஸ். இருந்தால் தப்பிக்கலாம். விடாமல் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். கணிப்பொறி ஒரு சுவரிலும் ஆம்பிளிஃபயர் எதிர்ச் சுவரிலும் செருகியிருந்தால் எர்த் வழியாக வளையம் ஏற்பட்டு இது வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்லும் மேதாவிகள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, கேட்காதீர்கள்.

இது வெறும் இயந்திர விஷயம் அல்ல என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள் சில, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 சுனாமி அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. அங்கிருந்து இங்கே வந்து தங்கிய ஒரு பாட்டியைப் பாட வைத்துப் பதிவு செய்தோம். தாலாட்டில் தொடங்கியவர், யாரும் கேட்காமலே, தன் வீட்டுக்காரருக்குப் பாடிய ஒப்பாரிக்குப் போய்விட்டார். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அவர் மைக் 3-வது தடம். தப்புக்கு வைத்தது 4. முதல் பத்து நிமிடம் சுத்தமாக இருந்தது. பிறகு இரண்டும் ஜோடியாக வெடிக்க ஆரம்பித்திருக்கின்றன. கார்டு சூடேறியதும் கெப்பாசிட்டர் படுத்துவிட்டது.

மறுபடி பாடுவீர்களா பாட்டி என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சாவு விழாத வீட்டுல ஆசைக்கு ஒப்பாரி வைப்பாங்களா தம்பி? அன்னைக்கு வந்துச்சு, பாடினேன்" என்றார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? கூடத்துக்கென்று வைத்த 7-வது தடத்தில் அவர் குரல் தூரத்தில் கேட்பது போல் இருக்கிறது. மின்விசிறிச் சத்தமும் ஒரு குழந்தையின் இருமலும் கலந்த அந்தத் தடம்தான் இன்று நம்மிடம் இருக்கும் பாட்டு. கெப்பாசிட்டரை ரேடியோ மெக்கானிக் ஒருவர் மாற்றிக் கொடுத்துவிட்டார். கார்டு இன்றும் ஓடுகிறது.

அந்தமானின் 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் குரலைப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் அந்தப் பேச்சு இன்று காதில் விழுகிறது. அந்தப் பதிவில் ஒரு தடம் கெட்டிருந்தால் யாரிடம் போய் மறுபடி கேட்பது?

இனி கிளாக். எண்களாகப் பதியும் எந்தக் கருவியும் நொடிக்கு 48,000 முறை என்பது போல் ஒரு தாளத்தில் ஓடுகிறது. டிஜிட்டல் கேபிளால் இரண்டு கருவியை இணைத்து, இரண்டும் தன் தன் தாளத்தில் ஓடினால், சீரான இடைவெளியில் 'டிக்' விழும். ஒன்றைத் தலைவராகவும் மற்றதை அதைப் பின்பற்றுவதாகவும் அமைத்துவிட்டால் நிற்கும். ஏடாட் எனும் ஒளிக் கேபிள் வழியாக 48,000-ல் எட்டுத் தடம் போகும். 96,000 என்று கூட்டினால் நான்குதான் போகும். நான்கு தடம் காணாமல் போய்விட்டதே என்று பதறியவர்கள் உண்டு.

நீண்ட கச்சேரிக்கு இன்னொரு கண்ணி. எட்டுத் தடத்தை 24 பிட்டில், 48,000-ல், ஒரே வேவ் கோப்பாகச் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 எம்.பி. ஆகும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் தன் அளவைச் சொல்லத் தெரியாதது. 62-வது நிமிடத்தில் எல்லை தாண்டிவிடும். சில மென்பொருள்கள் பாதியிலேயே மடங்கும். தடத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துச் சேமித்தால் இந்தத் தொல்லை கிட்டே வராது.

கெட்டுப்போன பதிவு கையில் இருந்தால் முதலில் அதை இன்னொரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள்; திருத்தமெல்லாம் நகலில் மட்டும். மின் இரைச்சலை மென்பொருளால் பெருமளவு குறைக்கலாம். அங்கங்கே விழும் 'டிக்'குகளையும் ஒட்டுப்போடலாம். அளவு மீறி நசுங்கிய குரலுக்கும், பதிவாகாமலே போன இடத்துக்கும் பெரிதாக வைத்தியமில்லை. முக்கியமான குரலுக்கு இரண்டு மைக் வையுங்கள். அவற்றை 3, 4 என்று பக்கத்துத் தடங்களில் செருகாமல் 3, 6 என்று பிரித்துச் செருகுங்கள். ஏன் என்பது மேலே படித்தவர்களுக்கு விளங்கியிருக்கும்.

எல்லாம் செய்தும் கேட்காத கார்டைச் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். கப்பலில் மூன்று நாள் கடல் காற்று பட்டுப் போகும். பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் போட்டு இறுக ஒட்டுங்கள். நீங்கள் பயன்படுத்திய கேபிள்களையும் கூடவே வையுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் தன் கேபிளில் சோதித்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.