கண்ணைக் கட்டினால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

திருத்தணி என்றதும் யாருக்கும் முதலில் நினைவு வருவது முருகன் கோயிலும் அதன் 365 படிகளும்தான். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை உண்டு. "கண்ணு தெரியாதவங்க இத்தனை படியை எப்படிக்கா ஏறுவாங்க? பாவம்ல?" என்று நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாலாம் வகுப்புப் பையன் என்னைக் கேட்டான். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதற்குப் பதில் சொன்னவரைப் பற்றி எழுதுமுன், நாங்கள் செய்த தவறை எழுதிவிடுகிறேன்.

முகாம் நடந்தது திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில். பார்வையற்றோரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றதும், நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணைக் கட்டி, வகுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை நடக்கச் சொன்னோம். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு தூணில் முட்டினார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு சின்னப் பெண் பாதி வழியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். முடிவில் "இதுல என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "கண்ணு போச்சுன்னா செத்துடலாம்கா" என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது எங்கள் முகாமில் மட்டும் நடந்த கூத்தல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மன் என்ற ஆய்வாளர், அவரே பார்வையற்றவர், 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் இதையே சோதித்துப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவோ தனியாக வாழவோ முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்களாம். காரணம் எளிது. ஐந்து நிமிஷம் கண்ணைக் கட்டினால் நமக்குத் தெரிவது பார்வை போன முதல் நாளின் திகைப்பு மட்டும்தான். பல வருஷம் பழகிய காதும் கையும் காலும் அந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுமா? நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, 'நீச்சல்னா இப்படித்தான் இருக்கும்' என்று சொன்ன மாதிரி.

நான் கல்லூரிக்குப் போகும் மின்சார ரயிலில் பேனாவும் பர்சும் விற்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் உண்டு. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி மறுநாள் அவரைக் கூட்டிவந்தோம். படிக் கேள்வியை அந்தப் பையன் அவரிடமே கேட்டான். அண்ணன் சிரித்தார்.

"படி ரொம்ப நல்லதுப்பா. ஒண்ணு கால்ல பட்டுட்டா அடுத்தது எங்கேன்னு தெரிஞ்சிடும். ஏமாத்தாது. கீழ கடைத்தெரு இருக்கே, சமதரை, அதுதான் பேஜாரு. நேத்து இல்லாத பைக்கு இன்னிக்கு நிக்கும்."

பிறகு வெள்ளைக் கோலைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தார். கோலைத் தோள் அகலத்துக்கு இடமும் வலமுமாக வீச வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோல் இடது பக்கம் தொட வேண்டும். அப்போதுதான் அடுத்த கால் வைக்கும் இடம் முன்கூட்டியே தெரியும். சிமென்ட் தரை, மண் தரை, இரும்பு மூடி மூன்றுக்கும் சத்தம் வேறு என்பதைப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். உதவி செய்ய நினைத்தால் பின்னாலிருந்து தள்ளக் கூடாது, கோலைப் பிடித்து இழுக்கவும் கூடாது. "கூட வரட்டுமா?" என்று கேட்டு, நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விட்டால் போதும். நான் எத்தனையோ தடவை தள்ளியிருக்கிறேன்.

அடுத்தது ரூபாய் நோட்டு. 100 ரூபாய் நோட்டில் தடவினால் தெரிகிற முக்கோணமும் ஓரத்தில் 4 சாய்கோடுகளும் உண்டு. 500-ல் வட்டமும் 5 கோடுகளும். ஆனால் கசங்கிய நோட்டில் இவை தேய்ந்துவிடும், அப்போது அளவுதான் கைகொடுக்கும் என்றார் அண்ணன். ஜியோமிதிப் பெட்டி ஸ்கேலை எடுத்து அளந்தோம். 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135. மேலே போனால் 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அதாவது இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர்தான்! ஓடுகிற ரயிலில், கூட்டத்தில் நின்றுகொண்டு அந்த 4 மில்லிமீட்டரை விரலால் அளக்கிறார் அவர். சர்வே பாடத்தில் நாங்கள் விடுகிற பிழையை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பிரெய்ல் எழுத்து. பிரான்ஸ் நாட்டில் 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதில் அப்பாவின் குத்தூசி கண்ணில் குத்தி, நோய் பரவி இரண்டு கண்ணும் போயின. ராணுவத்தில் இருந்த சார்லஸ் பார்பியே என்பவரின் 12 புள்ளி முறையைச் சுருக்கி, ஒரே விரல் நுனியில் அடங்கும் 6 புள்ளி முறையை அவர் உருவாக்கியபோது வயது 15.

முட்டைக் கடையில் வாங்கிய அட்டையை ஆறு ஆறு குழியாக வெட்டினோம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. புள்ளிக்குப் புளியங்கொட்டை. முதல் குழியில் மட்டும் ஒரு கொட்டை போட்டால் 'அ'. 1, 3 போட்டால் 'க'. 1, 3, 4 போட்டால் 'ம'. மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக ஒரு கட்டம், அதில் 4 மட்டும்; அச்சில் எழுத்தின் தலைமேல் வைக்கிற அந்தப் புள்ளி இங்கே எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். 'அம்மா' எழுத ஐந்து அட்டை வேண்டும்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் பக்கம் ஆந்திர எல்லை. பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெலுங்கு. 1951-ல் ஏற்பாடான பாரதி பிரெய்ல் முறையில் இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிதான். தமிழ் 'அ'வும் தெலுங்கு 'அ'வும் விரலுக்கு ஒன்றே. தெலுங்கில் 'அம்ம' என்று குறிலில் முடிவதால் கடைசி அட்டையை எடுத்துவிட்டால் போதும். நான் சொல்லி முடிக்குமுன், முதல் நாள் அழுத அதே பெண் ஐந்தாவது அட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எங்க அம்மா!" என்றாள்.

மூன்றாம் நாள் தெருவுக்குப் போனோம். சிவில் படிக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரயில்வே பிளாட்பாரத்திலும் மெட்ரோ நிலையத்திலும் மேடு தட்டிய மஞ்சள் ஓடு பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. ஜப்பானில் செய்ச்சி மியாகே 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகயாமா நகரில் முதன்முதல் பதித்தது அது. நீளக் கோடு என்றால் 'போகலாம்', வட்டப் புள்ளி என்றால் 'நில், கவனி'. அதன்மேல்தான் நாம் மூட்டையை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பொதுக் கட்டடமும் போக்குவரத்தும் எல்லாரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். அந்தக் கட்டடங்களுக்கு நாளைக்குப் பிளான் போடப்போவது நாம்தான்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே நடந்து, தடை இருந்த இடமெல்லாம் சாக்பீஸ் வட்டம் போட்டார்கள். மூடாத கால்வாய் இரண்டு. தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கடைத் தகரம் ஒன்று. மின்கம்பத்தின் ஸ்டே கம்பி ஒன்று. கடைசி இரண்டும்தான் ஆபத்து. கோல் தரையைத்தான் பார்க்கும். சாய்ந்த கம்பிக்கு அடியில் கோல் புகுந்துவிடும், கம்பி நெஞ்சில் இடிக்கும். ஒரு பெண், "பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு சத்தமா சொன்னா அண்ணனுக்கு நல்லாருக்கும்" என்றாள். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தமிழ் போர்டு, தெலுங்கு போர்டு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். அந்த அறிவிப்பு வந்தால் எங்கள் வீட்டுக்கும் ஆகும்.

தகரத்தைக் கடைக்காரர் அன்றைக்கே மடக்கிவிட்டார். கால்வாய் அப்படியேதான் இருக்கிறது. ஸ்டே கம்பியை நாங்கள் தொட முடியாது. அதனால் அதற்கு அடியில், கோல் முதலில் தட்டுகிற மாதிரி, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வரிசை செங்கல் பதித்து உள்ளே துளசி நட்டோம். முகாம் முடிகிற அன்று அண்ணன் அந்த வழியாக வந்தார். கோல் செங்கல்லில் தட்டியதும் நின்றார்.

"இங்க என்ன புதுசா?"

"மேல கம்பி இருக்குண்ணா, அதுக்குத்தான்" என்றான் அந்த நாலாம் வகுப்புப் பையன். அண்ணன் குனிந்து செங்கல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்று ஆடுகிறது, சரியாகப் பதிக்கவில்லை என்றார். பையன் ஓடிப்போய் மண் அள்ளி வந்தான்.