தேருக்குக் கீழே ஒரு மெக்கானிக்கல் லேப்!

பழைய மிலிட்டரி லாரி ஒண்ணு ஏலத்துல எடுத்து பட்டறைக்கு வருதுன்னு வெச்சுக்குங்க. பச்சை பெயின்ட், உயரமான டயர், மீட்டரைப் பார்த்தா கொஞ்ச கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். ‘அட, புது வண்டி மாதிரி இருக்கே’ன்னு நாம வாயைப் பிளப்போம். ஆனா விவரமான மெக்கானிக் பெயின்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். நேரா சாக்கை விரிச்சு, டார்ச்சோட லாரிக்குக் கீழே போய்ப் படுத்துடுவார்.

ஏன்னா அவருக்குத் தெரியும். ஓடி ஓடித் தேய்ஞ்ச வண்டியைக்கூட நம்பலாம். நின்னு நின்னு கெட்ட வண்டியை நம்பக் கூடாது! வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்ன லாரியில கமான் பட்டைகளுக்கு நடுவுல துரு ஏறியிருக்கும். ரப்பர் புஷ் கல் மாதிரி இறுகியிருக்கும். வீல் ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் காய்ஞ்சு போயிருக்கும். அதனால யூ போல்ட்டைக் கழட்டி, பட்டைகளைத் தனித்தனியா பிரிச்சு, விரிசல் பார்த்து, கிங் பின் ஆடுதான்னு சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, ஆக்ஸிலைச் சோதிச்ச பிறகுதான் மத்த வேலையெல்லாம்.

சரி, வருஷத்துல பெரும்பாலான நாள் சும்மாவே நின்னுட்டு, திடீர்னு ஒருநாள் முழு லோடோட ஓட வேண்டிய வண்டி நம்ம ஊர்ல வேற எது? மூளையைக் கசக்காதீங்க... கோயில் தேர்தான்!

ஏழாம் நாள் எக்ஸாம்

திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்குப் போயிருக்கீங்களா? பத்தாம் நாள் மலை உச்சியில தீபம். அதுக்கு முன்னாடி, ஏழாம் நாள்தான் தேரோட்டம். விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர்னு மொத்தம் அஞ்சு தேர். அம்மன் தேரைப் பெண்களே இழுப்பாங்க. அண்ணாமலையார் ஏறி வர்ற பெரிய தேருக்குப் பேரு மகா ரதம். உயரம் சுமார் 60 அடி. இது 2024-ல பழுது பார்க்கப்பட்டு, தீபத் திருவிழாவுக்கு முன்னாடி நவம்பர்ல வெள்ளோட்டம் விட்டாங்க. வெள்ளோட்டம்னா பக்கா தமிழ் ‘டெஸ்ட் டிரைவ்’! சாமி ஏறுறதுக்கு முன்னாடி, காலித் தேரை மாட வீதியில இழுத்து, அச்சும் சக்கரமும் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கிற சோதனை.

ஒரு சக்கரத்துல 75 டன்

தேரோட அச்சு என்ன பாடுபடுதுன்னு ஒரு குட்டிக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தமிழ்நாட்டுத் தேர்கள்ல சூப்பர் ஸ்டார், திருவாரூர் ஆழித் தேர். அலங்காரத்தோட 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. சக்கரம் நாலு. அப்போ ஒரு சக்கரத்துக்கு 75 டன், ஒரு அச்சுக்கு 150 டன். நம்ம ஊர் லாரியில நாலு டயர் போட்ட ஒரு பின் ஆக்ஸில் தாங்கலாம்னு 2018-ல திருத்தின சட்டம் சொல்ற அளவு 11.5 டன். அதாவது 13 லாரி ஆக்ஸில் சுமக்கிறதை ஒரே அச்சு சுமக்குது!

இவ்வளவு எடைக்கு ஸ்பிரிங் எங்கேன்னு தேடாதீங்க. கிடையாது. லாரி குழியில இறங்குறப்போ, கமான் பட்டை வளைஞ்சு அந்த அடியை வாங்கிக்கும். தேர் போறது நடக்கிற வேகத்துல. அதனால அந்த அளவுக்கு அதிர்ச்சி இல்லை. அது மட்டுமில்ல, இவ்வளவு உயரமான வண்டிக்கு ஸ்பிரிங் போட்டா, ஒரு பக்கம் அமுங்கின உடனே உச்சி பல அடி சாஞ்சிடும். ஸோ, ரோடு கொடுக்கிற ஒவ்வொரு இடியும் நேரா அச்சுக்குத்தான்.

ஸ்டீயரிங்? அதுவும் இல்லை. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவாங்க, நிறுத்துவாங்க. ‘முட்டுக்கட்டை போடாதே’ன்னு யாரையாவது திட்டுறீங்களே... தேரடியில முட்டுக்கட்டை போடுறவர்தான் ஹீரோ. உருண்டு வர்ற சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்துல நின்னு, கட்டையைச் சரியான கோணத்துல கொடுக்கணும். கொஞ்சம் பிசகினாலும் கால் போயிடும்.

இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் திருச்சி ‘பெல்’ நிறுவனம் உள்ளே வந்துச்சு. பாய்லர் செய்யுற அதே பெல்தான்! ஆழித் தேருக்கு இரும்பு அச்சு, 2.59 மீட்டர் விட்டமுள்ள இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் அவங்க கைவண்ணம். ஸ்கூல்ல படிச்சுட்டு மறந்தோமே, பாஸ்கல் விதி... அது இப்போ தேரை நிறுத்திக்கிட்டிருக்கு.

அச்சு முறிஞ்சா...

இதெல்லாம் வெறும் ‘ஆச்சரியத் தகவல்’ இல்லை ஃப்ரெண்ட்ஸ். 2022 ஜூன்ல தர்மபுரி மாவட்டம் மாதேஹள்ளியில காளியம்மன் கோயில் தேர், ஓட்டத்தின் நடுவே அச்சு முறிஞ்சு சாய்ஞ்சது. இரண்டு பேர் உயிர் போச்சு.

உலகத்துக்கு அச்சு கத்துக்கொடுத்த பாடமும் இப்படி ஒரு விபத்துலதான் ஆரம்பிச்சது. 1842 மே மாசம், பிரான்ஸில் வெர்சாய் நகரத்துல இருந்து பாரிஸ் திரும்பின ரயிலோட இன்ஜின் அச்சு முறிஞ்சு, 50 பேருக்கு மேல இறந்தாங்க. நல்லா இருந்த இரும்பு ஏன் திடீர்னு உடைஞ்சதுன்னு எல்லாரும் குழம்பினாங்க. பிறகு ஜெர்மனியில ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வருஷக்கணக்கா சோதிச்சு, தாங்கக்கூடிய சுமைதான்னாலும் திரும்பத் திரும்ப வந்தா உலோகம் களைச்சுப்போகும்னு நிரூபிச்சார். நீங்க செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ற எஸ்-என் கர்வ் பிறந்த கதை இதுதான்!

நம்ம வள்ளுவரும் அச்சை விட்டு வைக்கலை. மயிலிறகுதானேன்னு அளவில்லாம ஏத்தினா வண்டி அச்சு முறியும்னு 475-ஆவது குறள்ல சொல்லிட்டார். தேர் மேல ‘இன்னும் ரெண்டு அடி உசத்திக் கட்டுவோம்’னு மூங்கிலும் துணியும் ஏத்துறப்போ ஞாபகம் வெச்சுக்க வேண்டிய குறள்.

நீங்க என்ன செய்யலாம்?

பெரிய கோயில் தேர்களைப் பொதுப்பணித் துறை இன்ஜினீயர்கள் வந்து பார்ப்பாங்க. ஆனா உங்க கிராமத்துத் தேரை? திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னாடி தகரக் கொட்டகையைத் திறப்பாங்க, தண்ணி ஊத்திக் கழுவுவாங்க, பெயின்ட் அடிப்பாங்க. கீழே குனிஞ்சு பார்க்கிறது யாரு?

நீங்கதான்! மெக்கானிக்கல், சிவில், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பசங்க நாலு பேர் சேர்ந்து ஊர்ப் பெரியவங்ககிட்ட, ‘ஐயா, ஒரு மாசம் முன்னாடியே தேரைப் பார்த்துடலாமா?’ன்னு பணிவா கேளுங்க. இரும்பு அச்சுல விரிசல் பார்க்க பட்டறைக்காரங்க டெக்னிக் ஒண்ணு இருக்கு. அச்சைச் சுத்தமா துடைச்சு, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, மறுபடி துடைச்சுட்டு சாக்பீஸ் பொடியைப் பூசுங்க. விரிசல் இருந்தா, உள்ளே போன எண்ணெய் கசிஞ்சு வெள்ளைப் பொடியில கோடு காட்டும். உங்க லேப்ல பண்ற ‘டை பெனட்ரன்ட் டெஸ்ட்’டோட ஏழை அண்ணன் இது! ஆனா ஒண்ணு, கோடு தெரியலைங்கிறதுக்காக ‘ஓகே’ன்னு சர்டிஃபிகேட் கொடுத்துடாதீங்க. உள்ளே மறைஞ்சிருக்கிற விரிசல் இதுல சிக்காது. கோடு தெரிஞ்சா, தேரை நகர்த்தாம உடனே இன்ஜினீயரைக் கூப்பிடச் சொல்லுங்க. மரத்துல கரையான் இருக்கா, கடையாணி தேய்ஞ்சிருக்கா, சக்கரம் பக்கவாட்டுல ஆடுதா... இதையும் எழுதிக் கொடுங்க. வெள்ளோட்டம் கட்டாயம் விடச் சொல்லுங்க.

வடம் பிடிக்க ஆயிரம் கை வரும். அத்தனை கைகளும் பத்திரமா வீடு திரும்ப, தேர் ஒழுங்கா நிலைக்கு வந்து சேரணும். அதுக்கு முதல்ல ஒருத்தர் கீழே குனியணும். இந்த வருஷம் அது நீங்களா இருங்க பாஸ்!