உனக்கு எப்படி வேண்டும்?

நம் புதுக்கோட்டைச் சாப்பாட்டுக் கடைகளில் ஒருவர் ஆஃப்பாயில் கேட்கிறார், ஒருவர் கலக்கி, இன்னொருவர் மிளகு தூக்கலாக ஆம்லெட். நாமெல்லாம் விருப்பம் சொல்லிச் சாப்பிடுகிறவர்கள். சத்துணவுக் கூடத்துப் பிள்ளைக்கு அது நெடுநாள் வாய்க்கவில்லை.

1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-இல் கலைஞர் ஆட்சியில்தான் முட்டை சேர்ந்தது; இரு வாரத்துக்கு ஒன்று, அவித்தது. பின்னர் பள்ளி நாள்தோறும் ஒன்று என வளர்ந்தது. 2013-இல் தொடங்கிய கலவைச் சாதத் திட்டத்தில் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று ருசியும் வந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

முட்டை கேட்கும் பிள்ளைக்குத் தேளைக் கொடுக்கும் தகப்பன் உண்டா என்று கேட்டார் இயேசு (லூக்கா 11:12). பசித்தவருக்குக் கொடுக்கும்போது, அவருக்குப் பிடித்தது எது என்றும் கேட்டுக் கொடுப்போம். கேட்டுக் கொடுத்தால் அவரும் நம் வீட்டு விருந்தாளி.