ஊரின் பெயரும் ஒரு சொத்துத்தான்

பிரான்ஸ் நாட்டில் ஷாம்பெயின் என்றொரு பிரதேசம் உண்டு. அங்கு விளையும் திராட்சையில் செய்யப்படும் வைனுக்கும் அதே பெயர்தான். குடியினால் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்த உங்களிடம் வைனைப் பற்றிப் பேசுவதா என்று கோபிக்க வேண்டாம். நான் சொல்ல வருவது மண்ணைப் பற்றியதாகும்.

ஷாம்பெயினில் நிலத்தின் கீழே இருப்பது வெண்ணிறச் சுண்ணக்கல். அது மழைநீரை உறிஞ்சி வைத்து, வறட்சியில் வேருக்குக் கொடுக்கும். தெற்கே ஷாத்தோநெஃப்-து-பாப் என்னுமிடத்தில் தோட்டமெங்கும் உருண்டைக் கற்கள். பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் விடும். ஒரே கொடியை இரண்டு இடத்திலும் நட்டாலும் சுவை ஒன்றாகாது. ஆகவே, குறித்த எல்லைக்குள் விளைந்து, வகுத்த முறைப்படி செய்ததற்கே அந்த ஊரின் பெயர் என்று 1935இல் அங்கு சட்டம் வந்தது. பெயர் தனியொரு கம்பனிக்குச் சொந்தமல்ல, அந்தப் பிரதேசத்துக்கே சொந்தம்.

ஷாம்பெயினும் போர் கண்ட மண்தான். 1914இல் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, எறிகணைகளுக்கு நடுவே பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே பெரும்பாலும் திராட்சை பறித்தார்கள். அதற்கும் முன்னர், 1805இல், 27 வயதில் கணவனை இழந்த பார்ப்-நிக்கோல் கிளிக்கோ என்ற பெண் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்தார். போத்தலில் படியும் கலங்கலை அகற்றும் முறை அவரது நிலவறையில் உருவானதாகும். "விதவை" என்ற சொல்லை நாம் வாய்க்குள் விழுங்குகிறோம். அவரோ அதைத் தன் கம்பனியின் பெயரிலேயே வைத்தார்!

எமது நாட்டுக் கறுவாவுக்கும் 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வாறான புவிசார் குறியீட்டை வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கு கிடைத்த முதலாவது குறியீடு அது. அதே ஆண்டு எமது புலமைச் சொத்துச் சட்டமும் திருத்தப்பட்டு, உள்நாட்டிலேயே இவ்வாறு பதிவதற்கு வழி செய்யப்பட்டது.

இதைக் கட்டைபறிச்சானில் மகளிர் குழுவொன்றில் சொன்னபோது ஓர் அம்மா, "எங்கட எருமத் தயிர வேற ஊர்ப் பேரச் சொல்லித்தானே விக்கிறாங்க தங்கச்சி" என்றார். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், மண்முட்டி நீரை உறிஞ்சும். தயிர் கட்டியாவது அதனால்தான். ஆனால் சுவைக்கு அவர்கள் சொன்ன காரணம் வேறு. களப்போரக் கரைச்சையில் மேய்ந்த மாட்டின் பால் வேறு, கட்டிப்போட்டுத் தீனி வைத்த மாட்டின் பால் வேறு என்றார்கள்.

2006 இடப்பெயர்வில் மூதூர் கிழக்கு மக்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடினார்கள். சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் விடுபடும் வரை பலர் கட்டைபறிச்சான், கிளிவெட்டி முகாம்களிலேயே இருந்தார்கள். காணி திரும்பினாலும் பட்டி திரும்பவில்லை. மேய்ச்சல் தரைக்கு உறுதி இருப்பதுமில்லை.

பெயரைப் பதிய வேண்டுமானால் தனியொருவராக அல்லாமல், சங்கமாகச் சேர்ந்து கேட்பதே பொருத்தம். எல்லை எது, எந்தப் பால், எந்த முட்டி, எப்படி உறை ஊற்றுவது என்று எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். இவற்றுள் கடினமானது எல்லைதான். முன்பு மாடு மேய்ந்த இடங்களின் பெயர்களை வயதான அம்மாமாரிடம் கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வருவதாகக் குழுவினர் ஒப்புக்கொண்டுள்ளனர்.