பீன்யா சாக்கடையும் பூகோளப் பாடமே!

கங்கை எங்கே பிறக்கிறது என்றால் பீன்யா தொழிலாளியின் பிள்ளை பளிச்சென்று சொல்லிவிடும். குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால் விழிக்கும்!

பெங்களூருக்குக் காவிரி வந்தது 1974-ல். சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள நகருக்குப் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். பீன்யா பக்கத்துச் சாக்கடையும் ஆலைக்கழிவும் விருஷபாவதியில் இறங்குகின்றன. அது அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி கனகபுரா அருகே சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. அப்புறம் மேட்டூர், தஞ்சை வயல்!

படிப்பை வெளிவாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்றது 2005-ம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு. பூகோளப் பாடம் வகுப்போர் வாசல் சாக்கடையில் தொடங்கி நகரம், மாநிலம், நாடு, உலகம் என விரிக்கலாம். இங்கே கொட்டுவது சொந்த ஊர் வாய்க்காலுக்குப் போகிறது என்று தெரிந்த பிள்ளை, ஆற்றை மறக்காது. அசுத்தம் செய்யவும் யோசிக்கும்.