தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்த ஒரே இடம்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒற்றைப் பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த கோயில் இருக்கிறது. காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எதுவும் இல்லாமலே பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் ஆலயம் அமைத்தேன் என்று அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டில் மன்னன் பெருமைப்படுகிறான். வரலாற்றுப் பாடத்தில் படிக்கிற சேதி இது. சித்திரை வெயிலில் அங்கே போகிறவர்களின் உள்ளங்கைக்கு வேறொரு சேதி கிடைக்கும். வெளிப் பாறையில் கை வைக்க முடியாது. உள் சுவரில் தாராளமாகச் சாய்ந்து நிற்கலாம்.

கருங்கல்லில் வெப்பம் மிக மெதுவாக நகரும். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால் அது பாறைக்குள் ஓர் அலையாக இறங்குகிறது. ஏறக்குறைய 18 செ.மீ. ஆழம் போனதும் அலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இரண்டடி ஆழத்துக்குப் போனால் இன்னும் விசித்திரம்: பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்பரப்பில் இருந்த உச்சச் சூடு அங்கே போய்ச் சேரும்போது பின்னிரவு இரண்டு மணி. சேருவதும் நூற்றுக்கு நாலு பங்குதான். ஒரு மீட்டர் கனத்துக்கு அப்பால் பகல், இரவு என்ற பேதமே கல்லுக்குத் தெரியாது. முகப்பு திறந்திருப்பதால் வெளிக்காற்று உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் சுவரும் விதானமும் நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிற்கும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

நம் வீடுகளின் கதை வேறு. தலைக்கு மேலே இருப்பது நாலரை அல்லது ஐந்து அங்குலக் கான்கிரீட். மொட்டை மாடியில் பிற்பகல் இரண்டு மணிக்கு உச்சமடையும் சூடு, மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து மாலை ஐந்து, ஐந்தரைக்கு அடிப்பக்கத்துக்கு வருகிறது. அப்போதும் அலையின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு மிச்சமிருக்கும். வெளியே காற்று வீசத் தொடங்கும் வேளையில் மாடி அறையின் கூரை நம்மேல் அனலைப் பொழிய ஆரம்பிக்கும். கீழ்த்தள அறைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரே வீடு, ஒரே நேரம், இரண்டு வெப்பநிலை. இந்த இரண்டையும் ஒரு தெர்மோஸ்டாட் எப்படி அறியும்? அறியாது. அது இருக்கும் இடத்தின் வெப்பநிலை மட்டும்தான் அதற்குத் தெரியும். ரிமோட்டில் 24 என்று வைத்தால் அந்த 24, கட்டிலில் படுத்திருப்பவருக்கு அல்ல. சென்சார் உட்கார்ந்திருக்கும் நாலு அங்குலத்துக்கு. இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீட்டுக்கு உட்பட்ட அறை ஏசிகள் எல்லாம் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் எந்த இடத்து 24 என்பதை விதி சொல்ல முடியாது.

அப்படியானால் இன்னொரு தெர்மோஸ்டாட்டைச் சேர்த்துவிட்டால் என்ன? எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான். கேட்க எளிமையாக இருக்கும் இந்த வேலைக்குள்தான் சுவாரசியம் எல்லாம் இருக்கிறது.

பழைய தெர்மோஸ்டாட் என்பது வெப்பத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டினால், சூடேறும்போது தகடு ஒரு பக்கமாக வளையும். வளைந்தால் மின்தொடர்பு விடும். ஆறினால் மறுபடி சேரும். இஸ்திரிப் பெட்டியில் கேட்கும் ‘டக்’ சத்தம் இதுதான். 1830இல் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ யூர் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அவருடைய வகுப்பறை போதுமான சூட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளிப் பணியாளர் அடிக்கடி உள்ளே வந்துபோவார். பிறகு நிலவறைக்குப் போய் வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பார். அந்தத் தொந்தரவு தாங்காமல் ஜான்சன் உண்டாக்கிய மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை கிடைத்தது. 1895இல் அவரே அழுத்தக் காற்றால் அறைக்கு அறை தனித்தனியாக வெப்பத்தை ஆளும் முறையையும் கொண்டுவந்தார். ஒரே கொதிகலன், பல அறைகள், பல தெர்மோஸ்டாட்டுகள் என்ற ஏற்பாடு அப்போதே பிறந்துவிட்டது.

சுவிட்ச் வகைத் தெர்மோஸ்டாட் என்றால் இரண்டாவதை இணைக்க இரண்டே வழி. பக்க இணைப்பில் போட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று ‘வேண்டும்’ என்றாலும் இயந்திரம் ஓடும். தொடரிணைப்பில் போட்டால், இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் ஓடும். மாடிப்படி விளக்குக்குப் போடும் இரட்டைச் சுவிட்ச் மாதிரி இணைத்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அங்கே ஒன்று கொடுத்த உத்தரவை மற்றொன்று புரட்டிவிடும். தெர்மோஸ்டாட்டில் அப்படிச் செய்தால் இரண்டு அறையும் சூடாக இருக்கும்போது ஏசி அணைந்து நிற்கும்!

தொடரிணைப்பின் அருமை தெரிய வேண்டுமானால் குளியலறைக் கீசரைப் பாருங்கள். தண்ணீர் போதுமான சூட்டை எட்டியதும் நிறுத்துவது தெர்மோஸ்டாட். அதன் தொடர்பு முனைகள் என்றாவது உருகி ஒட்டிக்கொண்டால்? அதற்காகவே அதே மின்பாதையில் கட்டாஃப் என்று இன்னொன்று காத்திருக்கிறது. முதலாவது தவறினால் இது துண்டித்துவிடும். முட்டை பொரிக்கும் இன்குபேட்டரிலும் இதே தத்துவம். 37.5 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டிய இடம் அது. சில டிகிரி கூடினால் கருவெல்லாம் போய்விடும் என்பதால், நல்ல பெட்டிகளில் காவலுக்கு இரண்டாவது தெர்மோஸ்டாட் உண்டு. இந்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டுகளின் வேலை இயந்திரத்தை நிறுத்துவது மட்டுமே.

பக்க இணைப்பின் பிரச்சினையைப் பார்க்க டொராண்டோ போக வேண்டும். ஸ்கார்பரோ பகுதியில் தமிழர் வீடுகள் ஏராளம். பல வீடுகளில் மேலே உரிமையாளர், பேஸ்மென்டில் வாடகைக் குடும்பம். எரிவாயு ஃபர்னஸ் பேஸ்மென்டில் இருக்கும், தெர்மோஸ்டாட்டோ மேல் தளத்துக் கூடத்தில். மேலே இட்லி வேகிறது, நாலு விருந்தாளி வந்திருக்கிறார்கள், கண்ணாடி வழியே வெயிலும் விழுகிறது. தெர்மோஸ்டாட்டுக்குத் திருப்தி, ஃபர்னஸ் அணைந்துவிடும். கீழே இருப்பவர் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போடுகிறார். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது அந்த நகரத்து விதி. எனவே கீழேயும் ஒரு தெர்மோஸ்டாட் மாட்டலாம் என்ற பேச்சு எழும்.

அங்கே இந்தக் கட்டுப்பாட்டு வயர்கள் வெறும் 24 வோல்ட். சிவப்பு வயரில் மின்சாரம் வரும். வெள்ளையோடு சேர்ந்தால் சூடு, மஞ்சளோடு சேர்ந்தால் குளிர், பச்சையோடு சேர்ந்தால் விசிறி. சிவப்பும் வெள்ளையும் தொட்டால் ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே இரண்டாவது தெர்மோஸ்டாட்டைப் பக்க இணைப்பில் மாட்டுவது பத்து நிமிட வேலை. மாட்டியபின் என்ன ஆகும்? கீழே குளிர்ந்தால் ஃபர்னஸ் ஓடும். ஆனால் சூட்டுக் காற்று எல்லாக் குழாய்களிலும் போகுமே! கீழ்த்தளம் 21ஐ எட்டும்போது மேல்தளம் 25ஐத் தொட்டு நிற்கும். வசந்த காலத்தில் இன்னும் வேடிக்கை: மேலே இருப்பவர் குளிர் கேட்க, கீழே இருப்பவர் சூடு கேட்க, ஒரே குழாய்த்தொகுதியில் ஃபர்னஸும் ஏசியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

எனவே தெர்மோஸ்டாட்டோடு டேம்பரும் வேண்டும். அதாவது குழாய்க்குள் திறந்து மூடும் மோட்டார் கதவு. நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையும் வேண்டும். எந்தத் தளம் கேட்கிறதோ அந்தக் கதவை மட்டும் பலகை திறக்கும். சூடும் குளிரும் ஒரே சமயத்தில் கேட்கப்பட்டால் ஒன்றை முடித்து, சிறிது ஓய்வு கொடுத்து, பிறகுதான் மற்றதற்குப் போகும். ஒரு கதவு மூடியிருக்கும்போது காற்றோட்டம் குறைந்து ஃபர்னஸ் அளவுமீறிச் சூடாகும் அல்லது கூலிங் காயிலில் பனி கட்டும். அதையும் கவனிக்க வேண்டும். பத்து நிமிட வேலை இப்படித்தான் ஆயிரக்கணக்கான டாலர் வேலையாகிறது.

இவ்வளவையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் முடித்துக் காட்டும் யந்திரம் நம் சமையலறையிலேயே நிற்கிறது. டபுள் டோர் ஃபிரிட்ஜில் பெரும்பாலும் கூலிங் காயில் ஒன்றுதான்; ஃப்ரீசர் பக்கம் இருக்கும். அங்கிருந்து ஒரு விசிறி குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. பல மாடல்களில் ஒரு திருகு கம்ப்ரசரை ஆளும். மற்றொரு திருகு இடையிலுள்ள கதவை ஆளும். ஃப்ரீசருக்குக் குளிரைக் கூட்டுகிறேன் என்று அந்தக் கதவுத் திருகைத் திருப்பினால் கீழே காய்கறிக்குப் போகும் காற்று குறையும். ஐஸ்கிரீம் கல்லாக இருக்கக் கீரை வாடுகிறது என்று மெக்கானிக்கை அழைப்பவர்களில் பலருக்குத் தேவை ஒரு திருகு திருகுவது மட்டும்தான்.

இனி ஸ்பிளிட் ஏசி. இதில் வளையும் தகடு கிடையாது. தெர்மிஸ்டர் என்ற மிளகளவு மணிதான் சென்சார். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். உலோகங்களுக்கு நேர் எதிரான குணம். 1833இல் வெள்ளி சல்பைடில் இதை முதலில் கண்ட மைக்கேல் ஃபாரடேக்கே ஆச்சரியமாக இருந்தது. பல ஏசிகளில் 25 டிகிரியில் இந்த மணியின் தடை 10,000 ஓம். இண்டோர் யூனிட்டின் ஃபில்டருக்குப் பின்னே ஒன்று அறைக்காற்றை அளக்கும். கூலிங் காயிலில் செருகிய இன்னொன்று பனி கட்டுகிறதா என்று பார்க்கும்.

சரி, பக்கத்து அறைக்கும் ஒரு சென்சார் இழுத்து, முதலாவதோடு பக்க இணைப்பில் சாலிடர் செய்தால் சராசரி கிடைக்குமா? இரண்டு அறையும் 25 டிகிரியில் இருக்கட்டும். பத்தாயிரமும் பத்தாயிரமும் பக்க இணைப்பில் ஐயாயிரம் ஓம். ஏசியின் பிசிபி என்ற மின்சுற்றுப் பலகைக்குத் தெரிவது ஐயாயிரம் மட்டும். அதன் அட்டவணையில் ஐயாயிரம் என்றால் 40 டிகிரிக்கும் மேல். ஐயோ கொதிக்கிறதே என்று ஏசி இரவெல்லாம் நிற்காமல் ஓடும். சரி, தொடரில் போடுவோம் என்றால் இருபதாயிரம் ஓம். பத்து டிகிரி அளவில் இருக்கிறது என்று எண்ணி ஏசி கண்ணே திறக்காது. வயரிங்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்குதான் பிழை.

இதற்கு அழகான ஒரு தீர்வு உண்டு: நான்கு சென்சார்கள். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை மறுபடியும் பத்தாயிரம். வெப்பநிலைகள் அதிகம் வேறுபடாதவரை, கிடைப்பது நான்கு இடங்களின் சராசரி. ஒன்பது சென்சார் இருந்தால் மும்மூன்றாக. பெரிய அரங்குகளிலும் அலுவலகங்களிலும் இப்படித்தான் கோக்கிறார்கள். இரண்டு, மூன்று என்று கோக்க முடியாது. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்ற வர்க்க எண்களுக்கே இந்தப் பாக்கியம். பள்ளியில் ஓம் விதியைச் சலித்துக்கொண்டே படித்தவர்கள் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

சராசரியிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஓர் அறை 30, மற்றது 20 என்றால் சராசரி 25. இருவருக்கும் கஷ்டம், ஏசிக்கு மட்டும் நிம்மதி. காற்று போகாத அறைக்குச் சென்சாரை மட்டும் அனுப்புவதில் பயன் இல்லை.

ஒரே அறைக்குள் உள்ள பிரச்சினை என்றால் வழி சுலபம். பல ஏசிகளின் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சென்சார் இருக்கிறது. ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்று பெயர் போட்ட பட்டனை அழுத்தினால், ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும் அளவை நம்பும். ரிமோட்டைக் கட்டில் உயரத்தில், ஏசியைப் பார்க்கும்படி வையுங்கள். தலையணைக்கடியில் வைத்தால் சேதியே போய்ச் சேராது.

பட்டன் இல்லாதவர்கள் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். இண்டோர் யூனிட்டுக்கு எதிரே பீரோவோ திரைச்சீலையோ காற்றை மறிக்கிறதா என்று பாருங்கள். மறித்தால் வெளிவந்த குளிர்காற்று அப்படியே திரும்பிச் சென்சாரைத் தொட்டு, அறை குளிர்ந்துவிட்டதாக ஏமாற்றும். அதற்குப் பிறகும் யாராவது இரண்டாவது சென்சாரை ஒட்ட வந்தால், சாலிடரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டையும் சேர்த்தால் பிசிபிக்கு எத்தனை ஓம் தெரியும்? பதில் வராவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.